சேலம் மாமன்றத்துக்கு: கடைவீதியைக் கையில் எடுங்கள்

மதிப்புக்குரிய மேயர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் சேலம் குகைப் பகுதியில் குடியிருப்பவள். எங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, எது வந்தாலும் துணிக்கு முதல் அக்ரஹாரத் தெரு, கொலுசுக்குச் செவ்வாய்ப்பேட்டை, மற்றதற்கெல்லாம் சின்னக்கடை வீதி என்றுதான் பழக்கம். என் பிள்ளைகளோ இந்தக் கடைவீதியைத் தாண்டி, பெரிய கடைகள் இருக்கும் ஐந்து ரோட்டுக்கு நேராகப் போய்விடுகிறார்கள். "கடைவீதியில் நடக்க முடியாதம்மா, வண்டியும் நிறுத்த முடியாது" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னிடம் பதில் இல்லை.

2016-இல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. பழைய பேருந்து நிலையம் இடிக்கப்பட்டு, ஈரடுக்கு நிலையமாக 2023-இல் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தப் புது நிலையத்தில் இறங்குகிறவர் கடைவீதிக்குள் கால் வைத்ததும் பழைய கதைதான். ஒரு பக்கம் இருசக்கர வண்டி வரிசை, மறுபக்கம் சரக்கு இறக்கும் வேன், நடுவில் கைக்குழந்தையோடு ஒரு பெண், அவள் முதுகுக்குப் பின்னால் விடாமல் ஹாரன். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு இங்கே வரும்போது சாக்கடை. மூக்கைப் பொத்திக்கொண்டு யார் நிதானமாகப் புடவை பார்ப்பார்கள்?

கடைவீதி தளர்ந்தால் தளர்வது கடைக்காரர் மட்டும் இல்லை. ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசை எடுத்துப் பாருங்கள். வெள்ளியை உருக்குபவர் ஒருவர், கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், சலங்கை கோப்பவர் ஒருவர், மெருகேற்றுபவர் ஒருவர். வேலை பெரும்பாலும் வீடுகளிலும் சின்னப் பட்டறைகளிலும் நடக்கிறது. கடையில் ஒரு கொலுசு விற்றால் அந்தப் பணம் இத்தனை வீடுகளுக்கும் போய், மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் இதே ஊரில் செலவாகிறது. வெளியூர் முதலாளியின் அங்காடியில் நாம் கொடுக்கும் பணம் அப்படிச் சுற்றி வருவதில்லை. நகரம் நிமிர வேண்டும் என்றால் கடைவீதியிலிருந்து தொடங்குங்கள் என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

சீரமைப்பு என்றதும் உங்கள் பொறியாளர்கள் ஓர் அடுக்குமாடி வணிக வளாகத்தின் வரைபடத்தை எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அது வேண்டாம். சென்னைப் பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதை திறந்தார்கள், மக்கள் வந்தார்கள். நம் வீதிகளில் அவ்வளவு அகலம் கிடையாது. ஆகவே இங்கே நேரத்தைத்தான் பங்கிட வேண்டும். காலை பத்து மணிக்குள் சரக்கு இறக்கி முடியட்டும். அதன் பிறகு இரவு ஒன்பது வரை வீதி நடப்பவருக்கு மட்டும். வண்டிகளை ஓரத்தில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு வருகிறோம். முதியவர்களுக்கு மட்டும் சிறிய பேட்டரி வண்டி விடுங்கள்.

கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. இருக்கை வந்தது. ஆனால் சிறிய கடைகளில் நிற்கும் பெண்கள் பலர் இன்றும் பகல் முழுவதும் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஒதுங்க இடம் இல்லை. அவர்களில் ஒருத்தி, பாட்டிலை மூடியபடி, "சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்கிறேன் அக்கா" என்று என்னிடம் சொன்னாள். முகப்பு வளைவு, வண்ண விளக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கட்டுங்கள்.

வணிகர்களின் அச்சமும் நியாயமானது. "தற்காலிகமாக" என்று கடையிலிருந்து எழுப்பிவிட்டு, திரும்பி வரும்போது வாடகை எட்டாத உயரத்தில் இருந்தால் என்ன செய்வார்கள்? ஜப்பானின் தகாமட்சு நகரில், எல்லாரையும் ஒரேயடியாக எழுப்பாமல் புதுப்பிக்க ஒரு வழி கண்டார்கள். 1988-இல் ஜப்பானின் பெருந்தீவோடு இணைக்கும் கடல்பாலம் திறந்தபின், புறநகர்ப் பெருங்கடைகளும் பெருக, அங்கே மருகமேமாச்சி என்ற பழைய கடைவீதி வெறிச்சோடத் தொடங்கியது. நில உரிமையாளர்களே சேர்ந்து ஒரு நிறுவனம் அமைத்து, உரிமையை விடாமல் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குத் தந்து, பகுதி பகுதியாகப் புதுப்பித்தார்கள். முதல் பகுதி 2006-இல் முடிந்தது. கடைகளுக்கு மேலே குடியிருப்புகள் கட்டினார்கள், கிளினிக்கும் கொண்டுவந்தார்கள். கடை மூடிய பிறகும் வீதியில் ஆள் நடமாட்டம் இருந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் இடிக்காமல் இருந்ததே அவர்களின் பெரிய புத்திசாலித்தனம் என்பேன்.

தள்ளுவண்டிக்காரர்களை விட்டுவிடாதீர்கள். தட்டுவடை செட் இல்லாத சேலம் கடைவீதியை யார் தேடி வருவார்கள்? இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய பீட்ரூட்டும் வைத்துத் தரும் அந்தக் கைக்குத்தான் மாலைக் கூட்டம் நிற்கிறது. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு அந்த வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். வரைபடம் போடும் முன்பே அந்தக் குழுவைக் கூட்டுங்கள். போட்ட பிறகு கையெழுத்துக்கு அழைக்காதீர்கள்.

பெரிய நிதிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றிப் போக்குவரத்தை எப்படியும் மாற்றிவிடுகிறீர்கள். இந்த ஆண்டு அதைச் சின்னக்கடை வீதி வரை நீட்டி, ஆவணி முடியும்வரை தொடருங்கள். வண்டி நிறுத்த இடமும் தற்காலிகக் கழிப்பறைகளும் ஏற்பாடு செய்யுங்கள். முன்னும் பின்னும் விற்பனை எப்படி என்று கடைக்காரர்களிடமும் தள்ளுவண்டிக்காரர்களிடமும் கேட்டு, அந்தக் கணக்கை மாமன்றக் கூட்டத்தில் வையுங்கள். பார்வையாளர் வரிசையில் நாங்கள் வந்து உட்காருகிறோம்.

இப்படிக்கு,
குகையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்