காவிரிக்கும் நாவலாசிரியர்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காவிரியில் வெள்ளம் வந்தால் போதும், உங்கள் நடுப்பக்கத்தில் யாராவது ஒரு பிரபல எழுத்தாளர் வந்துவிடுகிறார். இந்த முறை வந்தவரின் நாவல்களை நானும் விரும்பிப் படிப்பவன்தான், என் வீட்டு அம்மாள் என்னைவிடத் தீவிர வாசகி. அதனால் இந்தக் கடிதத்தில் இருக்கும் கோபம் அவர்மேல் இல்லை, உங்கள்மேல்தான். தண்ணீரெல்லாம் கடலுக்குப் போய் வீணாகிறது, தேக்கி வைக்க ஆட்சியில் இருப்பவர்களுக்கு மனசில்லை, அவ்வளவுதான் அவர் சொன்னது. தமிழ் அருமை. கண்ணில் தண்ணீர் வரவழைக்கிற மாதிரி இரண்டு பத்தி இருந்தது. ஆனால் ஆற்றைப் பற்றி அதில் சரியாக இருந்தது குறைவு.

நான் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். கணக்கு ஒன்றும் பெரிய ரகசியமில்லை. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. அப்படியென்றால் விநாடிக்கு 2 லட்சம் கன அடி வருகிற நாளில் 17 டி.எம்.சி.க்கு மேல் போய்விடும். மேட்டூரின் மொத்தக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி. அணை 120 அடி நிரம்பி நிற்கும்போது அப்படி ஐந்தாறு நாள் வந்தால் இன்னொரு மேட்டூர் அணைக்குண்டான தண்ணீர் வந்து போய்விடும். அதைக் கட்டி நிறுத்த டெல்டாவில் மலை எங்கே இருக்கிறது, பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது? தட்டு மாதிரி கிடக்கிற பூமி. கொள்ளிடத்தில் கதவணை கட்டுவது நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், பக்கத்து ஊர்களில் நிலத்தடி நீர் ஏறும். ஆனால் ஒரு கதவணையில் ஒரு டி.எம்.சி.கூட நிற்காது என்பதையும் சேர்த்துத்தானே சொல்லவேண்டும்.

அப்புறம் இந்த ‘வீண்’ விஷயம். 2007ல் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி.யைப் பங்கு பிரித்தபோது, சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 என்று 14 டி.எம்.சி.யைத் தனியாகவே எடுத்து வைத்தது. முகத்துவாரத்தில் ஆற்றுநீர் தள்ளிக்கொண்டு நிற்காவிட்டால் கடல் உள்ளே ஏறும், இது வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்வார். 2018ல் உச்ச நீதிமன்றம் நம் பங்கிலிருந்து 14.75 டி.எம்.சி.யைக் குறைத்ததே, அதில் 10 டி.எம்.சி. எதற்காகக் குறைந்தது தெரியுமா? உங்களுக்குத்தான் நிலத்தடி நீர் இருக்கிறதே என்று. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையில் போர்வெல் போட்டால் பல இடத்தில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது என்பது இங்கே உள்ளவனுக்குத் தெரியும். எழுத்தாளர் கண்ணீர் விட வேண்டிய இடம் அது, கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சரி, எழுத்தாளர்கள் வாயைத் திறக்கக்கூடாது என்கிறீரா என்று கேட்பார்கள். இல்லை. பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு, அவர்களுக்கும் உண்டு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை வைத்து அவரைப் பாடாய்ப் படுத்தி, 2015 ஜனவரியில் எழுதுவதையே நிறுத்துகிறேன் என்று அவர் அறிவிக்கும் நிலைக்குக் கொண்டுபோனார்களே, அது கேவலம். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அன்றைக்கு எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எழுதலாம் என்பது வேறு, எழுதியதால் அதை நாங்கள் நம்பியே ஆகவேண்டும் என்பது வேறு.

மனித மனசை இவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறவருக்குச் சமூகம் புரியாதா என்றும் ஒரு வாதம் உண்டு. இதற்கு எங்கள் பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலேயே பதில் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பின்னணியில் இருந்தது கூலி, கூடுதலாகக் கேட்ட அரைப்படி நெல், விவசாயச் சங்கத்துக் கொடியை இறக்கு என்று சொன்ன மிராசுதார்கள். இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார், 1977ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அதில் பண்ணையாரின் ஆண்மைக்குறை பெரிய இடம் பிடித்துக்கொள்கிறது. நாவலாசிரியர் அப்படி எழுதலாம், அவர் கற்பனை, அவர் இஷ்டம். இடதுசாரிகள் அப்போதே சண்டைக்கு வந்தார்கள், கூலிச் சண்டையைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்விட்டார் என்று. நாவல் நல்ல நாவலா இல்லையா என்பதை விமர்சகர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு உள்ள சங்கடம் எதுவென்றால், அந்த நாவலை மட்டும் படித்துவிட்டு வெண்மணி இப்படித்தான் நடந்தது என்று என்னிடமே விளக்கம் சொன்ன படித்தவர்கள் உண்டு. சங்கத்தில் இருந்த ஒருவரைப் போய்க் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

நார்வேக்காரர் க்னுட் ஹாம்சுன் நிலத்தோடு மாரடிக்கிற குடியானவனை எழுதி 1920ல் நோபல் பரிசு வாங்கியவர். அதே மனிதர் 1945 மே மாதம் ஹிட்லர் செத்ததும் பத்திரிகையில் புகழ்ந்து இரங்கல் எழுதினார். மனசு தெரிந்தவர்தானே!

இதற்கு நேர்மாறாக ராஜம் கிருஷ்ணனைச் சொல்லவேண்டும். தூத்துக்குடி உப்பளத்துத் தொழிலாளிகளைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’ எழுத அவர் அங்கேயே போய் அந்த ஜனங்களோடு பழகினார். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் கூலிகளைப் பற்றி ‘சேற்றில் மனிதர்கள்’ எழுதினதும் அப்படித்தான், ஊர் ஊராக வந்து, கேட்டு, பார்த்து. நாற்று நடுகையில் இடுப்பு எப்படி வலிக்கும் என்று மட்டுமில்லை, கூலி எந்த மரக்காலில் அளக்கிறார்கள் என்பதையும் விசாரித்த ஆள் அவர். அந்த அம்மாள் இன்று இருந்து கூலியைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தால் நான் உட்கார்ந்து படித்திருப்பேன். நிறைய விற்றவர் என்பதற்காக இல்லை, ஒரு சந்தேகம் கேட்டால் எங்கே பார்த்தேன், யார் சொன்னார்கள் என்று அவரால் சொல்ல முடிந்திருக்கும் என்பதற்காக. சுஜாதாவும் அப்படி ஒரு விஷயத்தில். வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றி அவர் பேசியிருந்தால் கேட்டுக்கொண்டிருக்கலாம், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதை உருவாக்குகிற வேலையை மேற்பார்வை பார்த்தவர். அவர் கதைகளில் வருகிற வக்கீல்கள் கணேஷும் வசந்தும் அதற்குக் காரணமில்லை.

தமிழ்நாட்டில் எழுத்தாளர்கள் ஆட்சியே செய்திருக்கிறார்களே என்று சிலர் அண்ணாவையும் கலைஞரையும் இழுப்பார்கள். ‘வேலைக்காரி’க்கும் ‘பராசக்தி’க்கும் கை தட்டினவர்கள் எல்லாம் சேர்ந்து அவர்களைக் கோட்டைக்கு அனுப்பிவிடவில்லை. கட்சி கட்டினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், ஓட்டுக் கேட்டார்கள். 1962ல் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். ஜெயித்த பிறகும் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரன் கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்லவேண்டியிருந்தது. உங்கள் நடுப்பக்கத்தில் எழுதுகிறவரிடம் யார் கேட்கிறார்கள்? மறுநாள் பாராட்டுக் கடிதம் நான்கு போடுவீர்கள், அதோடு அது முடிந்தது.

இதில் எழுத்தாளரைவிடப் பத்திரிகைக்குப் பங்கு அதிகம். சாயங்காலம் போன் செய்தால் ராத்திரிக்குள் பிழையில்லாமல், கனகச்சிதமாக அனுப்பிவிடுவார், பேருக்காகவே நான்கு பேர் படிப்பார்கள். என் மாதிரி ஆளோ, எந்தக் கால்வாய் எவ்வளவு நிலத்துக்குப் பாயும் என்கிற ஆயக்கட்டையும், தண்ணீரை முறை வைத்து விடுகிற முறைப்பாசனத்தையும் நன்றாக அறிந்த கடைமடை விவசாயியோ எழுதினால் அதை வெட்டி ஒட்டி நேர் செய்ய உங்கள் ஆபீசில் ஒருவர் அரை நாள் உட்காரவேண்டும். ஷட்டர் ஏற்றி இறக்கிய லஸ்கரிடம் ஆள் அனுப்பிப் பேட்டி எடுக்கவேண்டும் என்றால் பஸ் செலவு வேறு. சிரமம் புரிகிறது. ஆனால் ஜூன் 12ல் மேட்டூர் திறக்குமா, குறுவைக்குத் தண்ணீர் முறை வைப்பார்களா, சம்பாவுக்கு மிஞ்சுமா என்று ஒவ்வொரு வருஷமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஜனங்கள் வாங்கிப் படிக்கிற பத்திரிகை இது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. எழுத்தாளர் கட்டுரையைத் தாராளமாகப் போடுங்கள், அதில் எண் வந்தால், சட்டம் வந்தால், அந்த விஷயம் தெரிந்த ஒருவரிடம் அச்சுக்கு முன் காட்டுங்கள். கீழே ‘பிரபல எழுத்தாளர்’ என்று போடுவதற்குப் பதில் இந்த விஷயத்தில் அவருக்கு என்ன பழக்கம் என்று ஒரு வரி போடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அதையும் போடலாம், தப்பில்லை. தவறு வந்தால் திருத்தத்தை மூலையில் ஒளிக்காமல் அதே நடுப்பக்கத்தில் போடுங்கள்.

அந்த வகையில் முதல் திருத்தம் நானே சொல்கிறேன். கர்நாடகம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. தரவேண்டும் என்று அந்தக் கட்டுரையில் இருக்கிறது. அது 2007 தீர்ப்பு. 2018 பிப்ரவரி 16க்குப் பிறகு அது 177.25.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்,
நீடாமங்கலம்