ஓடையில் பொன் அரிக்கப் போகும் மகனுக்கு

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கார்த்திக்,

பொன் அரிக்கும் பச்சைத் தட்டு வாங்கிவிட்டேன், வருகிற சனிக்கிழமை மெல்பர்னை அடுத்த வாரண்டைட் பக்கம் ஓடையில் இறங்கப் போகிறேன் என்று போனில் சொன்னாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. உங்கள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு கைப்பிடி மணலைக்கூட அரிக்கக் கூடாது. இணையத்திலேயே வாங்கலாம், 10 ஆண்டு செல்லும், கிடைக்கிற தங்கம் உனக்கே சொந்தம். ஆனால் அந்தச் சீட்டு இருந்தால் எங்கும் தோண்டலாம் என்று அர்த்தமில்லை. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் கூடாது. தனியார் நிலமென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். பழங்குடியினரின் தொல்லிடங்களைத் தொடவே கூடாது. மோட்டார் வைத்துத் தோண்டும் கருவி ஆகாது, கைக்கருவி மட்டும்தான். தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வாரண்டைட்டின் ஆண்டர்சன்ஸ் கிரீக்கில் 1851-இல் தங்கம் கண்டார்கள் என்பது சரி, இன்று எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதை அரசு வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போ.

இனி வேலைக்கு வருவோம். நம் வீட்டு அரிக்கஞ்சட்டி உனக்கு நினைவிருக்கும், உள்பக்கம் சுற்றிலும் வரிவரியாகப் பள்ளம் போட்ட மண்சட்டி. அரிசியைத் தண்ணீரோடு சுழற்றிச் சாய்த்தால் அரிசி வழிந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் வரியில் தங்கிவிடும். உன் தட்டிலும் அதே வரிகள்தான், வேலையும் அதேதான். மணலின் அடர்த்தி 2.65, தங்கத்தின் அடர்த்தி 19.3. காற்றில் ஏழு மடங்கு வித்தியாசம். தண்ணீருக்குள் இரண்டிலிருந்தும் ஒன்றைக் கழித்துப் பார், 1.65-க்கு 18.3, பதினொரு மடங்கு. தட்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியே குலுக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வது இதனால்தான். ஈரமணலை வெளியே வைத்துக் குலுக்கினால் மணல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், தங்கம் இறங்க வழியிருக்காது.

புதுத் தட்டில் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பூச்சு இருக்கும். தூள் தங்கம் அந்த எண்ணெயில் ஒட்டி, தண்ணீரின் மேல் மிதந்தே போய்விடும். பாத்திரம் கழுவும் திரவம் போட்டுத் தேய், பிறகு மணலும் தண்ணீரும் வைத்து உள்பக்கம் முழுக்கச் சொரசொரப்பாகும் வரை தேய். தட்டில் நீர் முத்து முத்தாக உருளாமல் படர்ந்து நிற்க வேண்டும். முகத்தில் பூசும் கிரீம், வெயில் களிம்பு, தலை எண்ணெய் எதுவும் கையில் இருக்கக் கூடாது.

ஓடைக்குப் போகுமுன் வீட்டில் பழகு. தூண்டில் கடையில் கிடைக்கும் சின்ன ஈயக் குண்டுகளைச் சுத்தியால் தட்டையாக்கி, கத்தரித்துப் பத்துத் துண்டாக்கு. ஒரு தட்டு மணலில் கலந்து, அகலத் தொட்டியில் தண்ணீர் வைத்து அரி. ஈயத்தின் அடர்த்தி 11.3 தான். அதைப் பிடிக்கத் தெரிந்தவன் கையைவிட்டுத் தங்கம் போகாது. எட்டுதான் திரும்பியதென்றால் தொட்டியின் அடியில் மீதி இரண்டு கிடக்கும், எந்த இடத்தில் கை தவறியது என்று யோசித்து மறுபடி செய். ஈயம் தொட்ட கையைச் சோப்பால் கழுவாமல் எதையும் சாப்பிடாதே.

எங்கே தோண்டுவது என்பதில்தான் பாதி வெற்றி. கனமான பொருள், நீரின் வேகம் குறைகிற இடத்தில்தான் விழும். வளைவின் உள்கரை, பெரிய பாறையின் கீழ்ப்பக்கம், சரிவு முடிந்து ஓடை சமனாகும் இடம், நீரோட்டத்துக்குக் குறுக்கே ஓடும் பாறை வெடிப்பு, இவற்றைப் பார். மேல் மணலில் வெள்ளத்தோடு வந்த தூள் மட்டும்தான் இருக்கும். கனத்த தங்கம் கூழாங்கல்லுக்குக் கீழே, அடிப்பாறையை ஒட்டிய கடைசி நான்கு விரற்கடையில் கிடக்கும். நடுவில் கெட்டிக் களிமண் படிவு வந்தால் அதன் மேற்பரப்பும் அடிப்பாறை மாதிரியே தங்கத்தைத் தாங்கி நிற்கும், அதையும் சுரண்டி எடு. வெடிப்புகளுக்கு முனை வளைத்த ஸ்க்ரூடிரைவர், பழைய கரண்டி, சின்ன பெயிண்ட் பிரஷ் போதும். வெடிப்பின் அடியில் இருப்பதைப் பிரஷ்ஷால் ஒரு பொட்டு விடாமல் கூட்டி எடுக்க வேண்டும்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து நாளைக் கழிக்காதே. ஐந்தாறு இடங்களில் ஒரே அளவு, இடத்துக்கு ஒரு தட்டு என்று எடுத்து அரித்து, எத்தனை பொட்டு தங்கம் என்று நோட்டில் எழுது. மேல்நோக்கிப் போகப் போக எண்ணிக்கை கூடினால் தொடர்ந்து போ. திடீரென்று நின்றுவிட்டால், தங்கம் ஓடைக்குள் வந்து சேரும் வாய் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஒரு தட்டு மினுக்கியதை வைத்து ஓடை முழுவதையும் மதிப்பிடக் கூடாது. உங்கள் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த பிரஃப் ஸ்மித், நம் கூடலூர் பந்தலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாட்டுக்கு வந்து இங்கே தங்கம் இருக்கிறதென்று 1880-இல் அறிக்கை கொடுத்தார். கம்பெனிகள் பணத்தைக் கொட்டின, சில ஆண்டுகளிலேயே சுரங்கங்கள் மூடப்பட்டன.

எடுத்த மண்ணை அரை அங்குலச் சல்லடையில் வாளிக்குள் சலித்து, பெரிய கல்லைத் தள்ளு. தள்ளுமுன் கல்லை வாளித் தண்ணீரிலேயே கழுவிவிடு, அதில் ஒட்டிய சேற்றிலும் தங்கம் இருக்கும். தட்டில் முக்கால் பாகத்துக்கு மேல் போடாதே. முதலில் களிமண் கட்டிகளைக் கையால் பிசைந்து கரைத்துவிடு. கரையாத கட்டி தட்டில் உருண்டு, வழியில் உள்ள தங்கத்தையெல்லாம் ஒட்டிக்கொண்டு வெளியே போகும், புதியவர்கள் அதிகம் இழப்பது இதில்தான். பிறகு தட்டைச் சமமாகப் பிடித்து, தண்ணீருக்குள் இடம் வலமாக இருபது எண்ணும் வரை வேகமாக ஆட்டு. கஞ்சத்தனம் காட்டாதே, தங்கம் கீழே இறங்குவது இந்த ஆட்டத்தில்தான். அப்புறம் வரியுள்ள பக்கத்தை உனக்கு எதிரே வைத்து, மெல்லச் சாய்த்து, தண்ணீரில் முக்கி எடு, மேல் மணல் ஒரு படலமாக வழியட்டும். ஐந்தாறு முறை முக்கியதும் மறுபடி சமமாக்கி ஆட்டு. ஆட்டாமல் முக்கிக்கொண்டே போனால் நடுவில் இருந்த தங்கம் மேலே வந்து மணலோடு போய்விடும்.

இரண்டு கரண்டி கருமணல் மிஞ்சியதும் வேகத்தை விடு. அது பெரும்பாலும் காந்தக்கல் என்ற இரும்புத் தாது, அடர்த்தி 5.2, அதனால் தங்கத்தோடு போட்டி போட்டு நிற்கும். ஒரு குவளைத் தண்ணீர் மட்டும் விட்டு, தட்டைப் பின்பக்கம் சாய்த்து மெல்லச் சுழற்று. கருமணல் முன்னே ஓடும், தங்கம் வால் மாதிரி பின்தங்கும். ஒரு சொட்டு பாத்திரத் திரவம் விட்டால் மிதக்கும் தூளும் அமிழும். உறிஞ்சு குப்பியால் எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போடு. காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் காய்ந்த கருமணல் மேல் பிடித்தால் இரும்பு ஏறிவரும், ஆனால் நடுவில் சிக்கிய தங்கத்தையும் இழுத்துக்கொண்டு வரும், இரண்டு மூன்று முறை உதறிப் பார். ஓரிரு மாதத்துக்காவது கழிமணலை ஓடையில் விடாதே, தொட்டியில் பிடித்து மறுபடி அரி.

மினுங்குவதெல்லாம் தங்கமில்லை என்று உனக்குத் தெரியும், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி. தட்டை உன் நிழலுக்குள் கொண்டுபோ. தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாக இருக்கும், தங்கம் மாதிரி ஏமாற்றும் பைரைட் என்ற கனிமம் மங்கும், மைக்கா என்ற காக்காய்ப்பொன் கோணம் மாறினால் அணைந்துவிடும். ஊசியால் அழுத்து. தங்கம் தட்டையாகும், பைரைட் நொறுங்கும்.

ஒரு நாளைக்கு ஒரு குன்றிமணி, அதாவது சுமார் 0.13 கிராம் கிடைத்தால் நல்ல நாள். ஒரு பவுனுக்கு அப்படி அறுபது நாளாவது வேண்டும். வரவு செலவு பார்த்து இதில் இறங்காதே, உடம்பு தாங்குகிற அளவுக்குச் செய்.

நம் பக்கத்திலும் இது உண்டே என்று நீ கேட்டாய். 1802-இல் வாரன் என்ற ராணுவ அதிகாரி வந்தபோது கோலார் கிராமத்தார் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்முன் அரித்துக் காட்டினார்கள். பின்னால் அங்கே வந்தது ஆற்றுப் பொன்னல்ல, பாறைத் தங்கம். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடியது. தங்கவயலில் மலைமலையாக நிற்பது சயனைடில் ஊறிய கழிமண், அதில் யாரும் கைவைக்கக் கூடாது. லீவுக்கு வரும்போது இங்கே ஆற்றில் அரிக்கலாம் என்றும் நினைக்காதே, அரசு அனுமதியில்லாமல் கனிமம் எடுப்பது சட்டப்படி குற்றம்.

உன் பக்கத்திலும் பழைய சுரங்கக் கழிமண் உண்டு. அதில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கலாம், தூசி கிளப்பாதே, கையைக் கழுவாமல் சாண்ட்விச்சைத் தொடாதே. வெள்ளி பூசினாற்போல் ஒரு பொட்டு கிடைத்தால் அது பாதரசம் ஏறிய தங்கம். தனிக் குப்பியில் மூடி வை, எக்காரணம் கொண்டும் வீட்டில் சூடாக்காதே, ஆவி உயிரைக் குடிக்கும். அடி அரித்த கரைக்குக் கீழே உட்கார்ந்து தோண்டாதே, மேல்மண் சொல்லாமல் சரியும். புதரில் நடக்கும்போது மூடாத பழைய குழிகளைப் பார்த்து நட, பாம்புக்காக முழங்கால் வரை பூட்ஸ் போடு. மழைக்குப் பிறகு நீர் ஏறியிருந்தால் திரும்பி வந்துவிடு. தனியாகப் போகவே வேண்டாம்.

அரிக்கஞ்சட்டி ஒன்று அடுத்து ஊரிலிருந்து வருபவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் விமான நிலையத்தில் மண் ஒட்டிய பொருளைப் பிடித்துவைப்பார்கள், அதனால் தேய்த்துக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். பத்து ஈயத் துண்டும் பத்தாகத் திரும்பிய அன்று எழுது.

அன்புடன்,
அம்மா