மேல் தட்டைக் கழற்றிவிட்டேன், அண்ணே

அண்ணே,

நேற்று நம்ம கரவனில், அந்த இழுத்துப் போகிற வீட்டு வண்டியில், மேலே படுக்கிற தட்டைக் கழற்றிவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக் குறி விழும், பதில் வராது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வாசிப்பார்கள் என்று தெரியும். ஆகவே காசு விஷயத்தைத் தொடமாட்டேன்.

அப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன ரோட்டில் முதல்முதலாக இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினோமே, அந்த ராத்திரிதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சமதரையே இல்லாத மலை ஊர். சில்லுக்குக் கல் வைத்தும் வண்டி முன்பக்கம் சரிந்துதான் நின்றது. தலையை மேட்டுப் பக்கம் வைத்துப் படு என்றாய். மேலே ஏறிய பிறகுதான் அளவு புரிந்தது. மெத்தைக்கும் கூரைக்கும் 22 அங்குலம். நிமிர்ந்து உட்கார ஒரு பெரிய ஆளுக்கு மூன்றடியாவது வேண்டும். படுத்தபடியே சுவெட்டர் மாட்டியதில் முழங்கை இரண்டு தடவை தகரத்தில் இடித்தது. கீழே நீ சிரித்தாய்.

மூன்று மணி இருக்கும், நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. கூரை ஒழுகுது என்று உன்னை எழுப்பினேன். நீ டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மழை இல்லடா, நம்ம மூச்சுத்தான்" என்றாய். இரண்டு பேர் விட்ட மூச்சு மேலே போய், குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகி, என் மேலேயே விழுந்திருக்கிறது. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தாய். பனிமூட்டம் உள்ளே வந்தது. நான் புரண்டு படுத்தால் வண்டியே ஆடியது, வண்டியைத் தாங்கும் மூலைக் கால்களை இறக்க மறந்திருந்தோம். ஒன்றுக்குப் போக இருட்டில் இறங்கினேன், உன் கையை மிதித்துவிட்டேன். நீ திட்டவில்லை. எழுந்து பிளேன்டீ ஊற்றினாய். கீழே தோட்டத் தொழிலாளர் லயத்து லைட்டுகள் பனிக்குள் தெரிந்து தெரிந்து மறைந்தன. அப்படி ஒரு பிளேன்டீயை நான் அதற்கப்புறம் குடிக்கவில்லை.

அங்கேதான் நீ அதையும் சொன்னாய்: "ஒரு காம்பராவுல ஆறு பேர் படுத்தோம், இது மாளிகை."

எதற்கெடுத்தாலும் அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவை அளவுகோலாக நீட்டாதே அண்ணே. வேறு வழி இல்லாமல் படுத்தோம். காசு கொடுத்து வருகிறவனிடம் அந்தக் கணக்கைச் சொல்ல முடியுமா? 'நாலு பேர் படுக்கலாம்' என்று போர்டில் எழுதியது நீ. பேச்சுக் கேட்டது நான்.

சரி, மேல் தட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மலையேற வருகிற ஒல்லிப் பையன்கள் ஒரு ராத்திரி சுருண்டு கிடப்பார்கள், காலையில் மறந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அதிலும் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேலே படுக்கவிடாதே என்று அமெரிக்காவில் அடுக்குக் கட்டிலிலேயே எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். நாற்பது வயதுக்காரனைப் பற்றி யாரும் ஒட்டவில்லை! அங்கே பாக்டரியில் செய்யும் கரவன்கள் பலவற்றில் தட்டு 28 அங்குல அகலம், 74 அங்குல நீளம். எவ்வளவு பாரம் தாங்கும் என்றும் சொல்லிவிடுகிறார்கள். சிலதில் 300 இறாத்தல், சின்னதுகளில் 150தான். 150 என்றால் 68 கிலோ. நான் 74. நம்முடையதை அடித்த வெல்டிங்காரர் எதையும் எழுதித் தரவில்லை. படுத்திருக்கும்போது பாரம் பரவி நிற்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு ஆளும் ஒரே ஓரத்தில் தொங்குகிறானே, போல்ட் இளகுவது அங்கேதான். கழற்றும்போது பார்த்தேன், எட்டு போல்ட்டில் இரண்டு கையாலேயே சுழன்றன.

இனி நமக்குள் மனம் கசந்த அந்தக் காலை நேரத்துக்கு வருகிறேன். காசு கொடுத்துத் தங்க வந்தவர்கள் முன்னால் நான் உன்னைப் பார்த்து, "நீ ஏறிப் படுத்துக் காட்டு" என்றேன். நீ ஏணியைப் பிடித்தாய். ஒரு படி ஏறினாய். இறங்கினாய். ஒன்றும் பேசாமல் ரோட்டுக்கு நடந்தாய்.

ஏன் ஏறவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கட்டாரில் உன்னோடு ஒரே ரூமில் இருந்தவர் சொன்னார். இங்கே எழுதமாட்டேன், அக்கா இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனா? மன்னித்துக்கொள். ஆனால் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கீழ்த் தட்டை நீ எடுத்துக்கொண்டதைப் பெரியவன் என்ற திமிர் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதே உடம்போடு திரும்பவும் விமானம் ஏறினாயே, அதை நான் எங்கே போய்ச் சொல்ல?

மேல் தட்டுப் பலகையைக் கீழே இணைத்து அகலமாக்கிவிட்டேன். நாலு அங்குல ஃபோம் வெட்டிப் போட்டாயிற்று. போர்டில் 'நாலு' என்பதை அழித்து 'இரண்டு' என்று எழுதியிருக்கிறேன். பெயின்ட் போதாமல் அடியில் பழைய எழுத்து இன்னும் தெரிகிறது. ஏணியை அம்மா எடுத்துக்கொண்டார். இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், சாத்தி வைத்து, அதில் துணி காயப்போடுகிறார்.

தம்பி