கட்டை புராணம்

அன்புள்ள குமார்,

இத்தனை நாள் பதில் போடாததற்கு வேண்டிய மட்டும் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். மூர்த்தி மறுபடியும் கடையை மாற்றிவிட்டானாமே, எனக்கு ஆச்சரியமே இல்லை.

கியோட்டோவில் இப்போது எனக்கு மரக்கட்டையோடுதான் குடித்தனம். எடோ காலத்தில், அதாவது ஜப்பானில் 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை, புத்தகம் அச்சிட்ட பலகைகளை முப்பரிமாண ஸ்கேன் எடுக்கிறோம். எல்லாம் காட்டுச் செர்ரி மரம். இரு பக்கமும் செதுக்கி, மை ஊறி ஊறிக் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டவை. கறுப்பு, ஸ்கேனரின் வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும். தொழிற்சாலை என்றால் வெள்ளைப் பவுடர் அடித்துவிடலாம். இங்கே தூசி தட்டவே அனுமதி கேட்கணும். கோணத்தை மாற்றி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துத் திரும்பத் திரும்ப எடுக்கிறோம்.

ஆனால் கணினியில் அந்தக் கறுப்பை எடுத்துவிட்டுப் பார்க்கணும்டா! வெறும் வடிவம் மட்டும் நிற்கும். உளி எங்கே ஆழமாக இறங்கியது, எந்தக் கோடு தேய்ந்தது, எல்லாம் தெரியும். அப்புறம், ஒட்டு வேலை. ஒரு சொல்லை மாற்ற நினைத்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, வேறு துண்டு மரத்தை இறுக்கிப் பொருத்தி, அதில் புதிதாகச் செதுக்குவார்கள். அச்சான தாளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். திரையில், துண்டைச் சுற்றி மயிரிழை இடைவெளி. உள்ளே மர ரேகை வேறு திசையில் ஓடுகிறது. பல நேரம் மாறியது பதிப்பாளர் பெயராகவே இருக்கும். பலகை யார் கையிலோ, அச்சிடும் உரிமையும் அவர் கையில். விலைக்கு வாங்கியவர் பழைய பெயரைத் தோண்டிவிட்டுத் தன் பெயரைச் செருகிவிடுவார். கூட்டாளிகள் இன்னும் கில்லாடிகள்: ஆளுக்குச் சில பலகை என்று பிரித்து வைத்துக்கொள்வார்கள், ஒருத்தர் திருட்டுத்தனமாக அச்சடிக்க முடியாது. நீயும் மூர்த்தியும் அப்படிச் செய்திருந்தால் பிழைத்திருப்பீர்கள்.

ஒன்றுதான் உறுத்துகிறது. "ஸ்கேன்தான் எடுத்தாச்சே, பலகை எதற்கு?" என்று இங்கேயே ஒருவர் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஸ்கேனர் மேல்பரப்பை மட்டுமே பார்க்கும். பூச்சி உள்ளே எவ்வளவு தூரம் துளைத்தது, ஓரத்தில் ஒட்டியிருக்கும் மை எதனால் ஆனது, ஒன்றும் சொல்லாது. கியோட்டோ பக்கத்தில் உஜி என்ற ஊரின் மன்புகுஜி கோயிலில் 17ஆம் நூற்றாண்டில் செதுக்கிய பௌத்த நூல் பலகைகள் சுமார் 60,000 இருக்கின்றன. அவற்றில் இன்றும் கையால் அச்சிடுகிறார்கள். அந்த மனிதரை அங்கே கூட்டிப்போகணும்.

சரி, உங்கள் அச்சகப் பரணில் அப்பா போட்டுவைத்த போஸ்டர் மர எழுத்துகள் இன்னும் இருக்கா? போட்டோ எடுத்து அனுப்பு. விற்றுத் தொலைத்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதே.

உன்,
ரவி