மடிப்பாக்கம் வீட்டு மொட்டை மாடி

ஆதம்பாக்கம், சென்னை
பங்குனிக் கடைசி

அன்புள்ள சரோ,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த புது வீட்டு மாடி வரைபடமும் கிடைத்தன. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். குனிந்து கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றும் சொல், அவர் கேட்க மாட்டார், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பதால் வீட்டில் டிவி சத்தமே இல்லை. இவர் காலையில் நடக்கப் போக ஆரம்பித்திருக்கிறார், சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது.

நெய்வேலியை விட்டு நீ திரும்பி வருகிறாய், அதுவும் எனக்குப் பக்கத்திலேயே மடிப்பாக்கத்துக்கு. இத்தனை வருஷம் கழித்து நாம் இருவரும் ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கப் போகிறோம் என்பதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

சரி, மாடிக்கு வருகிறேன். அரை கிரவுண்டில் வீடு, மேலே 850 சதுர அடி மொட்டை மாடி. நடுவில் புல்தரை, வடகிழக்கு மூலையில் தாமரைத் தொட்டி, கிழக்குப் பக்கம் பெர்கோலா என்கிற சட்டப் பந்தல், அதற்குள் ஊஞ்சல். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வரைந்த பையன் ஒரு மே மாதத்து மத்தியானத்திலும் ஒரு கார்த்திகை மழையிலும் அந்த மாடியில் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. என்னிடம் கேட்டாய் என்பதால் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். கனமான பொருள் எல்லாவற்றையும் ஓரத்துக்குக் கொண்டுபோ, நடுவை வெறுமனே விடு. வரைபடத்தில் நான் சொல்லும் மற்ற மாற்றங்கள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் எடை. மனிதர்கள் ஏறி இறங்குகிற மாடிக்கு, ஆட்கள் சாமான்கள் என்று வருகிற எடைக்காகப் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். அது சதுர அடிக்கு 14 கிலோ. ஈர மண் ஓர் அடி ஆழம் இருந்தாலே சதுர அடிக்கு ஏறக்குறைய 50 கிலோ ஆகிவிடும். புல்லுக்கு அரையடி மண் போதும் என்று வைத்துக்கொண்டாலும் 25 கிலோ. உன் வரைபடத்தில் புல்தரை 20க்கு 15 அடி இருக்கிறது. அந்த மண் நனைந்தால் ஏழரை டன், அதுவும் தளத்தின் நட்டநடுவில். தாமரைத் தொட்டி நாலுக்கு நாலு, ஒன்றரை அடி ஆழம் என்றால் தண்ணீர் மட்டுமே 680 கிலோ. இன்னும் ரூஃப் போடவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அது ரொம்ப நல்லது. இன்ஜினியரிடம் பீம், பில்லர் எங்கே எங்கே வருகிறது என்ற வரைபடத்தை வாங்கு. தொட்டியும் பெரிய டிரம்களும் பீமுக்கு மேலே, சுவருக்கு மேலே வரட்டும். புல்தரை கட்டாயம் வேண்டும் என்றால் அந்த எடையையும் கணக்கில் சேர்த்துக் கம்பி போடச் சொல். செலவு கூடும். எனக்கென்னவோ புல்லே வேண்டாம் என்றுதான் படுகிறது. சென்னை வெயிலில் அதற்குத் தினமும் தண்ணீர் விட வேண்டும், அதோடு மண்ணுக்கு அடியில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான், படுக்கை அறைக் கூரையில் கறை தெரிந்த பிறகு மொத்தப் புல்லையும் வாரி எடுத்தார்கள்.

அடுத்தது தண்ணீர். இங்கே வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பரையும் 2023இல் மிக்ஜாம் புயல் வந்ததையும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப் பெய்யும்போது மாடியில் தண்ணீர் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. தளத்துக்கு வாட்டம் ஒழுங்காக இருக்க வேண்டும், நூறு அடிக்கு ஓர் அடியாவது சரிவு. 400 சதுர அடிக்கு ஒரு நாலங்குலக் குழாய் என்று வைத்தால் உனக்கு இரண்டு போதும், மூன்று வைத்துவிடு. ஒன்று இலை அடைத்துக்கொண்டாலும் மற்றது இழுத்துக்கொள்ளும். வரைபடத்தில் குழாய்வாய் ஒன்று தாமரைத் தொட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, கவனித்தாயா? அதை முதலில் மாற்றச் சொல். கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்கிற மூலையை வளைவாகப் பூசச் சொல், நேர்மூலையாக விட்டால் விரிசல் அங்கேதான் முதலில் வரும். ஓடு பதிக்கும் முன்னால் குழாய்வாயை அடைத்து, இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். மேஸ்திரி அவசரப்படுத்துவார், விடாதே.

இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் அப்பாதான் ஞாபகம் வருவார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். திருவல்லிக்கேணியில் எங்கள் தாத்தா வீடு பழைய மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்தரங்களுக்கு மேலே சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் கட்டின கூரை. மேல்தளம் பழுதாகி மறுபடி போட்டபோது நாம் ஏழாம் வகுப்பு என்று நினைக்கிறேன், நீயும் ஒரு நாள் வந்து பார்த்தாய். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பியிருந்தார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் பட்டை மரக்கட்டையோடு தட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து வருவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இன்னொருத்தி தெளித்துக்கொண்டே போவாள். புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை தெருமுனை வரைக்கும் வரும். இது நாள்கணக்கில் நடந்தது. கட்டை பட்டுத் தடம் விழாத அளவுக்கு இறுகினால்தான் அப்பா 'போதும்' என்று சொன்னார். அப்புறம்தான் மேலே தட்டை ஓடு பதித்தார்கள். அந்தக் கூரைக்குக் கீழே சித்திரையிலும் தூங்க முடிந்தது.

இன்று அவ்வளவு பொறுமையாகத் தட்டுகிற ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் காங்கிரீட்டுக்கு மேலே அப்படியே டைல்ஸ் ஒட்டிவிடாதே. நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு, அதற்கு மேலே செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் மூன்று அங்குலமாவது, அதற்கு மேலே வெள்ளை ஓடு. வெறும் காங்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க அதைக் கீழே விடும், மின்விசிறி சுற்றச் சுற்ற அனல்தான் இறங்கும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வழவழப்பான ஓடு மட்டும் வேண்டாம், மழை நாளில் நம் வயதுக்கு ஆபத்து.

இப்போது நிழல். பெர்கோலாவைக் கிழக்கே வைத்திருக்கிறார்கள். கிழக்கிலிருந்துதான் கடல் காற்று வரும், அந்தப் பக்கத்தை ஏன் மறைக்க வேண்டும்? மாலையில் நம்மை வாட்டுவது மேற்கு வெயில், நிழல் அங்கேதான் வேண்டும். இன்னொன்றும் கவனி. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும், அந்த உச்சிப்பொழுதில் நம் நிழல் காலுக்கடியில் போய்விடும். இடையில் உள்ள மாதங்களில் மத்தியானச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட பெர்கோலா அந்த வெயிலைத் தடுக்காது, கோடு கோடாக இறக்கிவிடும்.

அதற்குப் பதில் நான் யோசித்தது இது. அண்ணன் சோலார் போடலாமா என்று கேட்டிருக்கிறாரே, அந்தத் தகடுகளையே மேற்குப் பக்கத்துக் கூரையாக்கிவிடு. ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்றால் மூன்று கிலோவாட்டுக்கு 300 சதுர அடி போதும். தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்து, கீழே நிமிர்ந்து நடக்கிற மாதிரி எட்டடி உயரத்தில் சட்டம் கட்டினால் ஊஞ்சலை அதன் கீழே போட்டுக்கொள்ளலாம். வீட்டு மின்சாரத்துக்கும் ஆச்சு, நிழலுக்கும் ஆச்சு. 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், உங்களுக்கும் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. சட்டத்தின் கால்களுக்கான குட்டைத் தூண்களை, பில்லர் வருகிற இடங்களில், ரூஃப் போடும்போதே சேர்த்து வார்த்துவிட வேண்டும். பின்னால் துளை போட்டால் நீர்த்தடுப்பு அங்கேயே போச்சு. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது மரமெல்லாம் வேரோடு சாய்ந்ததே, சும்மா போல்ட் போட்டு நிறுத்தின பந்தல் எந்த மூலைக்கு?

தொட்டிச் செடிகளை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், உனக்கு அது உயிர். மண்ணைக் குறைத்துத் தேங்காய் நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்தால் பை பாதி எடைதான் இருக்கும். பைகளை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி வை, சுவரோடு ஒட்டாமல் ஓரடி தள்ளி. அந்த இடைவெளியில்தான் தண்ணீர் ஓட வேண்டும், துடைப்பமும் போக வேண்டும். மேற்கே புடலை, பீர்க்கு, அவரை ஏற்றலாம். ஆடியில் விதைத்தால் ஐப்பசி மழைக்குள் கொடி பிடித்துவிடும். சுவர் விரிசலில் காக்கை போட்ட விதையில் அரசங்கன்று முளைத்தால் இரண்டு இலையாக இருக்கும்போதே பிடுங்கிவிடு.

கைப்பிடிச் சுவர் மூன்றரை அடிக்குக் குறைய வேண்டாம். அதை ஒட்டிப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், அதை எடுக்கச் சொல். பேரன் ஏறி நின்றால் சுவர் அவன் இடுப்புக்குத்தான் வரும். மேலே ஒரு குழாயும் இரண்டு பிளக் பாயின்ட்டும் மறக்காதே.

நடுவில் என்ன என்று கேட்பாய். ஒன்றும் இல்லை. சித்திரையில் அங்கேதான் வேட்டியை விரித்து வடாம் பிழிவாய், மோர்மிளகாய் காயப்போடுவாய். அதற்கு மேலே எதுவும் மறைக்கக் கூடாது. துணிக் கொடியைத் தெற்கு வடக்காக இழுத்துக் கட்டினால் எல்லாத் துணிக்கும் வெயில் படும். கரண்டு போன ராத்திரியில் எல்லோரும் பாய் போட்டுப் படுக்க இடம் வேண்டும். பௌர்ணமிக்குச் சோறு பிசைந்து பிள்ளைகளுக்குக் கையில் உருட்டிப் போட இடம் வேண்டும். நெய்வேலி குவார்ட்டர்ஸில் உனக்கு இதெல்லாம் கிடைக்கவே இல்லை என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறாய்! இப்போது கிடைத்திருக்கும்போது அதில் போய்ச் சாமானை நிரப்பாதே.

கடைசியாக மழைநீர். 850 சதுர அடியில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,000 லிட்டர், வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வரும். 2003இலிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான், ஆனால் பேருக்கு ஒரு குழி வெட்டி மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019இல் ஏரியெல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே. எங்கள் கிணறு அந்த வருஷமும் கை கொடுத்தது. மாடித் தண்ணீரில் பாதியை வடிகட்டித் தரைக்கடியில் உள்ள சம்ப்புத் தொட்டிக்கு விடு, மீதியைக் கிணற்றுக்கோ உறைக் குழிக்கோ விடு. முதல் மழை அழுக்கு வெளியே போக ஒரு வால்வு வைத்துக்கொள்.

ரூஃப் போடுகிற தேதி முடிவானதும் எழுது. அதற்கு முன்னால் பீம் வரைபடத்தை அனுப்பினால், குட்டைத் தூண்களையும் குழாய்வாய்களையும் பென்சிலில் குறித்து அனுப்புகிறேன். நான் நேரிலும் வந்து நிற்பேன், வேண்டாம் என்று சொல்லாதே. அண்ணனுக்கு எங்கள் விசாரிப்பு. அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். மூட்டு வலிக்கு அம்மா கேட்ட தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் வத்சலா