கைநீட்டுவதையா பாராட்டினீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் எங்கள் மாவட்டப் பயிற்றுநர் ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு வரி: 'தேவைப்பட்டால் கைநீட்டவும் தயங்காதவர், அந்தக் கண்டிப்பின் பலன்தான் இத்தனை பதக்கங்கள்.' பிழை திருத்துபவர் பார்த்திருப்பார், பக்கத்துக்குப் பொறுப்பானவர் பார்த்திருப்பார், தாங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவருக்கும் உறுத்தவில்லை போலும். கை யார்மீது நீளுகிறது என்பதை மட்டும் கட்டுரையாளர் எழுத மறந்துவிட்டார். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள்மீது, ஐயா.

பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்ற கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைத் தாங்கள் அறியாதவர் அல்லர். ஆசிரியர் அறைந்ததில் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், சித்திரவதையையும் கொடூரமாக நடத்துவதையும் தடைசெய்யும், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டிருக்கிறது என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. காலையில் வகுப்பறையில் கணித ஆசிரியர் அறைந்தால் அது செய்தி. அதே பிள்ளையைப் பின்னேரம் கழுத்தில் விசில் தொங்கவிட்டவர் அறைந்தால் அது சிறப்புக் கட்டுரை.

என் மகள் 800 மீற்றர் ஓடுகிறாள். எந்தப் பாடசாலை, எந்த மைதானம் என்பது வேண்டாம். கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்திலும், குறித்த நேரத்துக்குள் சுற்றை முடிக்காதவர்கள் தண்ணீர்ப் போத்தலைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். தொட்டால் புழுதியில் முழந்தாளிட வேண்டும். மாதவிடாய் என்பதால் ஓட முடியவில்லை என்று மெதுவாகச் சொன்ன பிள்ளையை, ஆண் பிள்ளைகள் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வைத்தார்கள். வாரந்தோறும் தராசு வைத்து ஒவ்வொருவரின் நிறையையும் சத்தமாக வாசிப்பார்கள். அதன் பிறகுதான் என் மகள் இரவில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோகத் தொடங்கினாள். நேரில் போய்க் கேட்டேன். "உங்களுக்குப் பதக்கம் வேண்டுமா, வேண்டாமா அம்மா?" என்று பயிற்றுநர் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். அடுத்த தெரிவில் மகளின் பெயர் இல்லை. மேலே உள்ளவர்களிடம் போனேன். அவர் மாகாணத்துக்கே பெயர் வாங்கித் தந்தவர் என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். தேநீர் நன்றாக இருந்தது.

எழுதத் தொடங்கிவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். தேசிய மட்டப் போட்டிக்காகப் பெண் பிள்ளைகளை இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பும்போது கூடப் போகும் பெண் ஆசிரியர் யார் என்று கேட்டால், தகராறுக்கு வந்த பெற்றோர் என்று பெயர். உடை மாற்ற இடமின்றி ஒருத்திக்கு ஒருத்தி துவாயைப் பிடித்து மறைத்து நிற்பதை நான் ஓடிய காலத்திலும் கண்டேன், இன்றும் காண்கிறேன். தங்கள் நிருபர்களும் மைதானத்துக்கு வருகிறார்கள். ஆனால் படம் வரும்போது நடுவில் நிற்கும் அதிதிகளின் பெயர்கள் பட்டம் பதவியோடு வருகின்றன. வென்ற பிள்ளைகள் 'மாணவிகள்' ஆகிவிடுகிறார்கள்.

சிகிச்சை என்ற பெயரில் பிள்ளைகளைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்த அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வைத்தியர் லாரி நாசருக்கு 2018இல் நீண்ட காலச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதை உலகமே எழுதியது. அவனைப் பற்றிப் பிள்ளைகள் 1990களிலேயே வாய் திறந்திருந்தார்கள். பெரியவர்கள்தான் காது கொடுக்கவில்லை. தென்கொரியாவின் டிரையத்லான் வீராங்கனை சோய் சுக்-ஹியோன், தன்னை அடித்து வதைத்தவர்களைப் பற்றி விளையாட்டுச் சங்கத்திடமும் பொலிஸாரிடமும் முறையிட்டும் பலனின்றி, 2020 ஜூனில், 22 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவளது அணியும் வெற்றிகளுக்குக் குறைவில்லாத அணிதான்.

நாங்களும் அடி வாங்கித்தான் முன்னுக்கு வந்தோம் என்று இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவோர் இருப்பார்கள். தாங்களும் அதைப் பிரசுரிப்பீர்கள். என்னோடு ஓடியவர்களில் என்னைவிட வேகமானவள் ஒருத்தி இருந்தாள். எல்லோர் முன்னிலும் கன்னத்தில் அறை வாங்கிய மறுநாள் சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவள், பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை. அவளைப் பற்றி அரைப் பக்கம் எழுத எந்தப் பத்திரிகைக்கும் காரணம் கிடைக்காது.

மறுப்பும் வருத்தமும் போடுங்கள் என்று கேட்கும் அளவுக்கு எனக்குத் தங்களிடம் செல்வாக்கு இல்லை. ஒன்றை மட்டும் செய்யலாம். விளையாட்டுப் பக்கத்தின் மூலையில், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை வாராவாரம் போடுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நகைக்கடை விளம்பரத்தில் ஒரு தீப்பெட்டி அளவு குறைந்தால் போதும், இடம் கிடைத்துவிடும்.

என் பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். மாகாண அணித் தெரிவு இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வீராங்கனையின் தாய்,
உவர்மலை, திருகோணமலை.