அந்த 48 மணி நேரம் எங்கள் மச்சானுக்கும் வேண்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு அரசு தரும் முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை, மனநோயால் நெருக்கடியில் வருகிறவருக்கும் வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போன மாசியில் ஒரு ராத்திரி, என் தங்கச்சி வீட்டுக்காரரை டாடா ஏஸில் காலி கிரேட்டுகளுக்கு நடுவே உட்கார வைத்துத் தர்மபுரிக்குக் கொண்டுபோனோம். நாலு நாளாகத் தூக்கம் இல்லை. யாரோ வெட்ட வருகிறார்கள் என்று ஓயாத பேச்சு. அன்றைக்கு ரோட்டில் இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டார். 108-ஐக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அது விபத்துக்கும் பிரசவத்துக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வழியில் முதலில் கண்ணில் பட்ட தனியார் மருத்துவமனையில் நிறுத்தினோம். "இருபதாயிரம் அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். மணி ஒன்றரை. தங்கச்சி சங்கிலியைக் கழற்றி கவுன்டர் மேல் வைத்தாள். "நகையெல்லாம் வாங்க மாட்டோம்மா" என்று அதைத் திரும்ப அவள் பக்கமே தள்ளினார் அங்கிருந்தவர். மச்சான் வண்டியில் கத்திக்கொண்டிருந்தது உள்ளே வரைக்கும் கேட்டது.

அப்புறம் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். ஒரு பைசா வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

ஆனால் அந்த நாலு நாள்? வேப்பிலை அடித்ததெல்லாம் உண்மைதான். அதைவிட, "ஆஸ்பத்திரிக்குப் போனா எவ்வளவு ஆகுமோ" என்ற பயம்தான் எங்களை வீட்டிலேயே உட்கார வைத்தது.

2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்குப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரம் இலவசம். காப்பீட்டு அட்டை கேட்பதில்லை, எந்த மாநிலம் என்றுகூடப் பார்ப்பதில்லை. நல்ல திட்டம். அதே ராத்திரி மச்சான் பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்திருந்தால், அந்த மாதிரி ஒரு மருத்துவமனையில் அட்வான்ஸ் பேச்சே வந்திருக்காது.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல் நோய்க்கு உள்ள அதே தரத்தில் மனநோய்க்கும் அவசர சிகிச்சையும் ஆம்புலன்ஸும் கிடைக்க வேண்டும் என்கிறது. 94-ஆம் பிரிவின்படி, மனநல மருத்துவர்தான் வர வேண்டும் என்றில்லை, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். சட்டம் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்ட ஓர் அரசாணை போதும்.

மனநல நெருக்கடியில் வருகிறவரையும் அந்த 48 மணி நேரத் திட்டத்தில் சேருங்கள். அவர்களுக்கு 48 இல்லை, அந்தச் சட்டம் சொல்கிற 72 மணி நேரத்துக்கு அட்டையும் அட்வான்ஸும் கேட்கக் கூடாது என்று எழுதுங்கள். அரசு மருத்துவமனைக்கு மாற்றினால் வண்டிச் செலவும் அதில் அடங்கட்டும்.

அதுவரைக்கும் ஒரு சின்ன காரியம். 14416-க்குப் போன் செய்தால் டெலிமானஸ் என்று இலவச மனநல ஆலோசனை இருப்பது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. அந்த எண்ணையும், மனநலத்துக்கும் 108 வரும் என்பதையும் எங்கள் மண்டி வாசலில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். சுண்ணாம்பும் பிரஷும் நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
பாலக்கோட்டிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை